சுற்றி வெட்டுவதா, சொல்லி வெட்டுவதா?

ஸ்கிராப்புக் ஆல்பம் செய்கிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி கைப்பிடியைச் சுற்றும். இன்னொரு கட்சி கணினித் திரையில் உருவத்தை வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தும். இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: ஓர் இலை, ஒரு பூ, ஒரு குழந்தையின் பெயர், ஓரம் பிசிறில்லாமல் காகிதத்திலிருந்து வெட்டுப்பட்டு வர வேண்டும். எது மலிவு என்று கேட்டால் இரண்டு கட்சியும் பெட்டியின் மேல் ஒட்டிய விலையைச் சொல்லும். அந்த விலையை நம்பிக் கடைக்குப் போகிறவர்தான் பிறகு கையைக் கடிக்குது என்று புலம்புகிறவர்.

இந்தப் பொழுதுபோக்கின் தாய்வீடு அமெரிக்காவின் யூட்டா மாநிலம். முன்னோர் விவரங்களைத் திரட்டிப் பாதுகாப்பதை மதக் கடமையாகவே கொள்ளும் மோர்மன் மக்கள் நிறைந்த இடம் அது. 1980இல் சால்ட் லேக் சிட்டியில் நடந்த ஆவண மாநாட்டில் மேரிலென் கிறிஸ்டென்சன் என்பவர் தன் குடும்ப ஆல்பங்களைக் காட்சிக்கு வைத்தார். இன்றைய ஸ்கிராப்புக் மோகத்தின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள். கிரிகட், சில்லுவெட் என்ற இரண்டு கணினி வெட்டு மெஷின்களும் அதே யூட்டாவின் நிறுவனங்களுடையவை. கைப்பிடி மெஷின்களில் பெயர்பெற்ற சிசிக்ஸ் மட்டும் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த எலிசன் நிறுவனத்தின் பிள்ளை. பள்ளிக்கூட அறிவிப்புப் பலகைகளுக்கு எழுத்து வெட்டும் கனத்த எந்திரங்களைச் செய்துகொண்டிருந்த எலிசன், அந்த வேலையை வீட்டு மேசைக்கு ஏற்ற அளவில் சுருக்கி 2001இல் சிசிக்ஸ் என்று இறக்கியது. நம் பிள்ளைகளுக்கு விடுமுறை வேலையாகக் கொடுக்கும் ஸ்கிராப்புக் நோட்டுக்கும் இதற்கும் ஒட்டுறவு குறைவு. அது பாடம், இது குடும்பம்.

கைப்பிடி மெஷினின் சூட்சுமம் எளிது. இரண்டு உருளை, நடுவில் ஒரு வாய், பக்கத்தில் ஒரு கைப்பிடி. தெருமுனையில் கரும்பு பிழிகிறவரின் மெஷினைச் சின்னதாக்கினால் இதுதான். அடியில் ஒரு பிளாஸ்டிக் தகடு, அதன்மேல் கூர்முனை மேலே பார்த்தபடி எஃகு டை, அதன்மேல் காகிதம், மறுபடி ஒரு தகடு. இந்த அடுக்குக்கு சாண்ட்விச் என்றே பெயர். அதை வாயில் கொடுத்துச் சுற்றினால் உருளைகள் நசுக்கும் நசுக்கில் டையின் விளிம்பு காகிதத்தைத் துண்டிக்கும். தகடு படபடவென்று முனகும். புதிதாக வாங்கியவர்கள் உடைந்துவிட்டதோ என்று பயப்படுவார்கள். பயப்பட வேண்டியதில்லை, அதன் குரலே அப்படித்தான்.

டையில் இரண்டு சாதி. ஒன்று, மரம் அல்லது பிளாஸ்டிக் அடித்தளத்தில் எஃகுப் பட்டையை வளைத்துப் பதித்து, மேலே நுரை ஒட்டிய தடித்த டை. இது துணி, ஃபெல்ட், கார்க், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய காகிதம் எல்லாவற்றையும் வெட்டும். இன்னொன்று, ரசாயனத்தால் அரித்துச் செய்யும் மெல்லிய தகட்டு டை. எடையே இருக்காது. நுணுக்கமான பூவேலைக்கு ஏற்றது, ஆனால் ஒரு நேரத்தில் ஒரு தாள்தான். துணி வெட்டலாம் என்று அட்டையில் போட்டிருந்தாலும் மெல்லிய டையை நம்பி பழைய பட்டுப் புடவைத் துண்டைக் கொடுக்காதீர்கள்.

டை வெட்டு என்ற தொழிலே ஒரு தவறில் வளர்ந்தது என்று அட்டைப்பெட்டித் தொழிலில் ஒரு கதை உண்டு. நியூயார்க்கின் புரூக்ளினில் காகிதப் பை செய்துகொண்டிருந்த ராபர்ட் கேர், 1879இல் தன் அச்சகத்தில் மடிப்புக் கோடு போடுவதற்கான உலோகப் பட்டை சற்று உயர்ந்துபோய்ப் பைகளை வெட்டிவிட்டதைப் பார்த்தார். மடிப்பதையும் வெட்டுவதையும் ஒரே அழுத்தில் செய்துவிடலாமே என்று அவருக்குத் தோன்றியது. மருந்துக் கடையில் வாங்கும் மடிப்பு அட்டைப்பெட்டி அப்படி வந்ததுதான். இன்றும் நம் ஊர் அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகையை வடிவமாக வெட்டுவதற்குப் பயன்படுவது அதே எஃகுப் பட்டை முறை.

கணினி மெஷினில் டை கிடையாது. பிரிண்டரின் மையிருக்கும் இடத்தில் ஒரு நுண்ணிய பிளேடு. பசை தடவிய மேட்டில் காகிதத்தை ஒட்டி உள்ளே விட்டால், மேட் முன்னும் பின்னும் ஓட, பிளேடு இடமும் வலமும் ஓடி, திரையில் வரைந்த கோட்டின் வழியே வெட்டிக்கொண்டு போகும். கிரிகட் எக்ஸ்புளோர் வகையின் அழுத்தம் 400 கிராம் அளவு. மேக்கர் வகை 4 கிலோ வரை அழுத்தும். காகித ஆல்பத்துக்கு முன்னதே தாராளம். பின்னதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம் தோலும் பால்சா மரமும் வெட்டுகிறவர்களுக்கானது.

இனி பணத்துக்கு வருவோம். விலை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்கின் போக்கு தெரிவதற்காக மட்டும் ஒரு பேச்சுக்குச் சில எண்களை வைத்துக்கொள்கிறேன். கைப்பிடி மெஷின் 10,000 ரூபாய், கணினி மெஷின் 25,000, ஒரு டை 800. வித்தியாசம் 15,000. அதை 800ஆல் வகுத்தால் சுமார் 19 வருகிறது. அதாவது பத்தொன்பதாவது டையை வாங்கும்போது கைப்பிடிக்காரரும் கணினிக்காரர் செலவழித்த இடத்துக்கு வந்து சேர்கிறார். அதற்குமேல் வாங்கும் ஒவ்வொரு உருவமும் கைப்பிடிக்காரருக்குக் கூடுதல் செலவு. கணினிக்காரருக்கு அடுத்த உருவம் இலவசமாகவே கிடைக்கலாம். பத்தொன்பது டை அதிகம் என்று நினைப்பவர்கள், இந்தப் பழக்கம் உள்ள யாருடைய மேசை இழுப்பறையையாவது ஒருமுறை திறந்து பார்க்கட்டும். வாங்கி ஒருமுறை வெட்டிப் பார்த்துவிட்டுக் கிடப்பில் போட்ட டைகள் காந்தத் தாளில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இத்தோடு நிறுத்தினால் கணினி மெஷினே மலிவு என்று தீர்ப்பாகிவிடும். ஆனால் எஃகு டை வாங்கிவிட்டால் வாங்கியதுதான். அதற்குக் கணக்கு திறக்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், மின்சாரம்கூட வேண்டாம். வாயின் அகலத்துக்குள் அடங்கினால் ஒரு நிறுவனத்தின் டையை இன்னொரு நிறுவனத்தின் மெஷினில் போட்டுச் சுற்றலாம். அடுக்கின் உயரத்தை ஓர் அட்டைத் துண்டு வைத்துச் சரிசெய்துகொண்டால் போதும். பத்து வருடம் கழித்தும் அது வெட்டும். மெஷின் உடைந்தாலும் டை செல்லாக்காசு ஆகாது.

கணினிப் பக்கத்தின் வரலாறு இவ்வளவு நிம்மதியானதாக இல்லை. கிரிகட்டின் முதல் மெஷின்களுக்கு உருவங்கள் கார்ட்ரிட்ஜில் வந்தன. ஒவ்வொரு கார்ட்ரிட்ஜையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். கணினியோடு இணைத்து வேறு நிறுவனத்தின் மென்பொருளால் சொந்த உருவங்களை வெட்ட வழி பிறந்தபோது, அந்த மென்பொருள்காரர்கள் நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார்கள். பிறகு 2018இல் அந்தப் பழைய மெஷின்களுக்கான கிராஃப்ட் ரூம் மென்பொருளை நிறுவனமே மூடியது. மெஷின் நல்ல நிலையில்தான் இருந்தது, ஆனால் கார்ட்ரிட்ஜைச் செருகி வெட்டுவதோடு அதன் ஆயுள் நின்றுபோயிற்று. 2021 மார்ச்சில், பங்குச் சந்தைக்கு வந்த அதே மாதத்தில், மாதச் சந்தா கட்டாதவர்கள் மாதத்துக்கு 20 சொந்த உருவங்களுக்குமேல் ஏற்ற முடியாது என்று கிரிகட் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், நிறுவனம் பின்வாங்கியது. பின்வாங்கியதுவரை சரி. நாம் காசு கொடுத்து வாங்கிய மெஷினின் வேலையை விற்றவர் ஓர் அறிவிப்பில் சுருக்க முடியும் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. மலிவு பற்றிய கணக்கில் இதற்கும் ஒரு வரி ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

சில்லுவெட் இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். அதன் மென்பொருள் இணையமில்லாமலே ஓடும், அடிப்படைப் பதிப்பு இலவசம். ஆனால் எஸ்விஜி எனும் வரைகலைக் கோப்பைத் திறக்கப் பணம் கட்டி மேல்பதிப்புக்குப் போக வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உருவங்களில் பெரும்பாலானவை எஸ்விஜிதான் என்பதால், அந்த ஒருமுறைக் கட்டணத்தை மெஷின் விலையோடே சேர்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

தேய்மானச் செலவு இரண்டு பக்கமும் உண்டு. கைப்பிடியில் தகடு. ஒவ்வொரு வெட்டும் தகட்டில் தழும்பு போடும். ஒரே பக்கத்தை மட்டும் பயன்படுத்தினால் வில்லாக வளைந்துவிடும். திருப்பித் திருப்பிப் போட்டால் நெடுநாள் வரும். நடுவில் எங்காவது வெட்டாமல் விட்டால் புதுத் தகடு வாங்க ஓடாமல், அந்த இடத்துக்கு ஒரு சாதாரணத் தாளை அடியில் கொடுத்துச் சுற்றிப் பாருங்கள். நுண்ணிய டைக்குள் காகிதம் சிக்கிக்கொண்டால், நடுவே ஒரு மெழுகுத்தாள் வைத்து வெட்டினால் தானாக உதிரும்.

கணினியில் மேட்டும் பிளேடும். மேட்டின் பசை போய்விட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் கொஞ்சம் மீளும். அலுமினியத் தாளை உருண்டையாக்கி அதில் பிளேடை நாலைந்து முறை குத்தி எடுத்தால் ஒட்டியிருக்கும் நார் போகும். வெட்டி முடித்ததும் காகிதத்தை மேட்டிலிருந்து உரிக்கக் கூடாது. மேட்டைக் கவிழ்த்து, மேட்டைக் காகிதத்திலிருந்து வளைத்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் ஆல்பத்தில் ஒட்டும் ஒவ்வொரு இலையும் சுருண்டு நிற்கும். இந்தச் சின்ன விஷயம் கையேட்டில் கண்ணில் படாமல் போகிறது, காகிதம் நிறைய வீணாகிறது.

காகிதம் என்றதும் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். கணினி மெஷின் காகிதத்தில் கறாரானது. 176 முதல் 216 ஜிஎஸ்எம் வரையுள்ள, நார் இறுக்கமான கார்ட்ஸ்டாக் கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வெட்டும். நார் தளர்ந்த மலிவு சார்ட், பூவிதழ் கலந்த கைக்காகிதம் போன்றவற்றை, பிளேடு இழுத்துக்கொண்டு ஓடுவதால், மூலைகளில் கிழித்துவிடும். கைப்பிடி மெஷின் இழுப்பதில்லை, மேலிருந்து ஒரே அழுத்தாக அழுத்துகிறது. அதனால் எந்தக் காகிதத்தோடும் ஒத்துப்போகும். டைச் செலவை மிச்சம் பிடித்துவிட்டு மெஷினுக்கேற்ற காகிதத்தை விலை கொடுத்து வரவழைப்பவர்கள் இந்த இடத்தில் கணினி மெஷினின் இன்னொரு செலவைச் சந்திக்கிறார்கள். புடைப்பு அச்சுக்கான ஃபோல்டரை வைத்துச் சுற்றினால் காகிதத்தில் பூ எழும்பி நிற்கும் வேலையும் கைப்பிடிக்கே உரியது.

அளவில் கணினிக்கு மேல்கை. ஸ்கிராப்புக்கின் வழக்கமான பக்கம் 12 அங்குலத்துக்கு 12. சிசிக்ஸின் பிக் ஷாட் கைப்பிடி மெஷினின் வாய் 6 அங்குலம். நீளவாக்கில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம், ஆனால் பக்கம் முழுவதையும் நிரப்பும் ஜன்னல் வேலை அதில் நடக்காது. 12 அங்குல மேட் போடும் கணினி மெஷின் 11.5 அங்குலம் வரை வெட்டும். அதே நிறுவனங்கள் சிறிய மாதிரிகளும் விற்கின்றன, விலை பாதிக்கு வந்துவிட்டதே என்று கை நீளும். கிரிகட் ஜாய் மாதிரியின் வெட்டு அகலம் நாலரை அங்குலம்தான். வாழ்த்து அட்டைக்கு அது போதும். ஆல்பத்துக்கு வாங்குகிறவர் அந்தப் பணத்தில் 6 அங்குலக் கைப்பிடி மெஷினும் நல்ல டைகளும் வாங்கிவிடலாம் என்றுதான் சொல்வேன். புகைப்படத்தை அச்சடித்து அதன் விளிம்போடு வெட்ட வேண்டுமென்றாலும் கணினிதான். மூலையில் அச்சான குறிகளைப் படித்துக்கொண்டு அதுவாக வெட்டும்.

தமிழில் ஆல்பம் செய்கிறவர்களுக்கு இந்த ஒப்பீடு முழுக்க வேறு திசையில் திரும்புகிறது. கடையில் கிடைக்கும் எழுத்து டை தொகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கே. பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, இரண்டு டப்பாவில் கதை முடிந்தது. தமிழுக்கு அப்படி ஒரு எஃகுத் தொகுப்பு செய்வதென்றால் எத்தனை டை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். உயிர் 12, அகர உயிர்மெய் 18. உகரமும் ஊகாரமும் எழுத்தோடு பிணைந்து உருவையே மாற்றுவதால் 36. இகர ஈகாரக் கொக்கிகள் எழுத்தோடு ஒட்டியே நிற்பதால் இன்னொரு 36. கால், கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு, புள்ளி, ஆய்தம். நூறைத் தாண்டிவிட்டது. 800 ரூபாய்க் கணக்கு இங்கே வேலைக்கு ஆகாது.

ஆகவே பாட்டியின் பெயரைப் பக்கத்தின் தலைப்பில் தமிழில் வெட்டி ஒட்ட ஆசைப்படுகிறவருக்கு கணினி மெஷினைத் தவிர வீட்டில் வேறு வழி அரிது. ஆனால் அதிலும் வேலை இருக்கிறது. 'பொங்கல்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். பார்க்க நான்கு எழுத்து. பிளேடுக்கு அது எட்டுத் துண்டு: கொம்பு, ப, கால், ங, அதன் புள்ளி, க, ல, அதன் புள்ளி. எழுத்தின் உயரம் ஓர் அங்குலத்துக்குக் கீழே போனால் புள்ளி கடுகளவு ஆகி, மேட்டிலேயே தங்கிவிடும் அல்லது மின்விசிறிக் காற்றில் பறந்துவிடும். எழுத்தை வெட்டாமல் எழுத்தின் வடிவில் துளை போட்டால் தொல்லை வேறு விதம்: க, வ, ண போன்றவற்றின் சுழிக்குள் இருக்க வேண்டிய காகிதம் பிடிப்பில்லாமல் உதிர்ந்து, சுழி ஓட்டையாகிவிடும்.

இதற்குக் கைகண்ட மருந்து இரண்டு. முதலாவது, இங்க்ஸ்கேப் போன்ற இலவச வரைகலை மென்பொருளில் சொல்லைத் தட்டச்சு செய்து, எழுத்தைக் கோடாக மாற்றி, கொம்பையும் காலையும் லேசாக நகர்த்தி எழுத்தின்மேல் ஏறவைத்து, எல்லாவற்றையும் ஒரே உருவமாக இணைத்துவிடுவது. அப்படி இணைத்ததை எஸ்விஜியாகச் சேமித்து மெஷினின் மென்பொருளுக்குள் கொண்டுபோனால் சொல் ஒரே துண்டாக வரும். புள்ளிகளை மட்டும் எழுத்தோடு ஒட்டினால் படிக்க நன்றாயிராது. அதற்கு இரண்டாவது மருந்து: முழுச் சொல்லைச் சுற்றியும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமாக ஒரு நிழல் உருவம் எடுத்து, வேறு நிறத் தாளில் வெட்டி, அதன்மேல் எழுத்துகளையும் புள்ளிகளையும் ஒட்டுவது. சன்னமான எழுத்துரு வேண்டாம், கோடு எங்கும் ஒரே தடிமனாக ஓடும் எழுத்துருவே பிளேடுக்கு உகந்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அச்சகக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஒரே உருவம் நூற்றுக்கணக்கில் வேண்டுமானால், உதாரணமாக வளைகாப்புக்கு வருகிறவர்களுக்குக் கட்டிக் கொடுக்கும் பெயர்ச்சீட்டு, இரண்டு மெஷினும் வேண்டாம். டை அடித்து பஞ்சிங் போட்டுத் தரும் அச்சகம் சிறு ஊர்களிலும் இருக்கிறது. ஒரு டைக்கூலி, ஓட்டுக்கூலி, வேலை முடிந்தது. அந்த டையைப் பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து கைப்பிடி மெஷினில் ஓட்டலாமே என்று யோசிக்க வேண்டாம். அச்சகத்தின் எஃகுப் பட்டை 23.8 மில்லிமீட்டர் உயரம், நம் மெஷினின் வாய்க்குள் நுழையாது.

வருடத்துக்கு ஓர் ஆல்பம், அதிலும் நாலைந்து பூ, ஓரங்களில் வளைவு என்ற அளவில் செய்கிறவருக்கு, கையால் அழுத்தும் பஞ்ச் மூன்றும் கூரான சிறு கத்தரியும் போதும். அந்தக் கூட்டம்தான் பெரிது, அவர்கள்தான் மெஷின் வாங்கிவிட்டு அட்டைப்பெட்டியோடு பரணில் ஏற்றுகிறவர்கள். அதே இலை, அதே பூ, அதே சட்டம் என்று திரும்பத் திரும்ப வெட்டுகிறவர், பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்கிறவர், வகைவகையான காகிதம் சேர்த்து வைத்திருக்கிறவர் கைப்பிடியோடு போகலாம். டை வாங்கும்போது ஒரே தொகுப்பில் ஒன்றுக்குள் ஒன்றாக அளவு குறைந்து வரும் வட்டமும் சதுரமும் முதலில் வாங்குங்கள். பூக்கள் சலிக்கும், வட்டம் சலிப்பதில்லை. பெயர்கள், தேதிகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் புது உருவம், தமிழ்த் தலைப்பு என்று போகிறவர் கணினி மெஷின் வாங்கலாம். சந்தா கட்டாமல் ஆறு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் மட்டும் கட்டலாம்.

பழைய மெஷின் வாங்கினால் இரண்டுக்கும் சோதனை வேறு. கைப்பிடி மெஷினுக்கு ஒரு டையும் ஒரு தாளும் கையோடு எடுத்துப் போங்கள். தாளின் இடது ஓரம், வலது ஓரம் இரண்டும் ஒரேபோல வெட்டுப்பட்டால் உருளை நேராக இருக்கிறது என்று அர்த்தம். கணினி மெஷினுக்கு, விற்கிறவரை அவர் கணினியில் இன்றைய மென்பொருளைத் திறந்து, ஒரு சின்ன வட்டத்தைக் கண்முன்னே வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனம் இன்னும் ஆதரிக்கும் மெஷின்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று பார்த்தபிறகு பணத்தை எடுங்கள். கார்ட்ரிட்ஜ்கள் ஒரு பெட்டி நிறையக் கூடவே தருகிறேன் என்று ஆசைகாட்டினால், மெஷின் எந்தக் காலத்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.